கம்பெனி கொடுத்த நன்கொடை மக்களிடம் என்ன செய்தது? அளந்து பார்ப்பது எப்படி

பெரிய கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், நடுவில் எங்கோ பளபளவென்று நாலு பக்கம் வரும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எண்கள்: இத்தனை பள்ளிகள், இத்தனை மருத்துவ முகாம்கள், இத்தனை லட்சம் பயனாளிகள். எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவை உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாலு பக்கத்தையும் வரி விடாமல் படித்தாலும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது. இந்தப் பணம் போகாமலே இருந்திருந்தால் அந்த மக்களின் நிலை இன்று எப்படி இருந்திருக்கும்?

நன்கொடையின் தாக்கத்தை அளப்பது என்றால் இந்தக் கேள்விக்கு முடிந்தவரை நேர்மையாக விடை தேடுவதுதான். இதைச் சுற்றி ஏகப்பட்ட கலைச்சொற்கள், அட்டவணைகள், மென்பொருள்கள், ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் வந்துவிட்டன. அவற்றைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அடிப்படை எளிமையானது.

எண்ணிக்கை எங்கே நிற்கிறது

ஒரு கம்பெனி ஒரு பள்ளிக்குக் கணினி ஆய்வகம் அமைத்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உள்ளே போவது பணமும் ஊழியர்களின் நேரமும், இது உள்ளீடு. அதைக் கொண்டு அறையைச் சீரமைக்கிறார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், இது செயல்பாடு. கடைசியில் 40 கணினிகளும், அவற்றைப் பயன்படுத்தக்கூடிய 600 மாணவர்களும் கணக்கில் வருகிறார்கள், இது வெளியீடு. மாணவர்கள் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொண்டார்களா என்பது விளைவு. அந்தக் கல்வியால் அவர்கள் வாழ்க்கையில் நிலைத்த மாற்றம் ஏதும் வந்ததா, அதில் இந்த ஆய்வகத்தின் பங்கு எவ்வளவு என்பது தாக்கம். துறையில் இருப்பவர்கள் இன்புட், அவுட்புட், அவுட்கம், இம்பாக்ட் என்றே பேசிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலான அறிக்கைகள் மூன்றாவது படியோடு நின்றுவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. வெளியீடு வரைக்கும் எல்லாம் கம்பெனியின் கையில் இருக்கிறது: கணினி வாங்கினோம், ரசீது இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது. விளைவு என்பது அடுத்தவர் கையில். ஆசிரியர் அறையைத் திறக்க வேண்டும், மின்சாரம் வர வேண்டும், பிள்ளை உட்கார்ந்து பழக வேண்டும். அந்த 600 என்ற எண்ணையே கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பள்ளிப் பதிவேட்டில் உள்ள மொத்த மாணவர் எண்ணிக்கையை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள். அறை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். ஒரு கணினிக்கு மூன்று பேர். மவுஸ் ஒருவன் கையில், மற்ற இருவர் வேடிக்கை. மூன்று பேரும் அறிக்கையில் ஒரே மாதிரிதான் எண்ணப்படுகிறார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் பிறந்த பிளேபம்ப் நல்ல உதாரணம். குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம் ஒன்று. அது சுழலச் சுழல நிலத்தடி நீர் மேலேறி உயரத்தில் இருக்கும் தொட்டியை நிரப்பும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகைகள். யோசனை எல்லோரையும் மயக்கியது. 2006-ல் அமெரிக்க அரசும் கேஸ் அறக்கட்டளை உள்ளிட்ட கொடையாளர்களும் சேர்ந்து 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள். 2010-க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். 2009-ல் 'கார்டியன்' நாளிதழில் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: அவ்வளவு தண்ணீர் ஏற வேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள்தான் அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டியிருந்தது. பழுதானால் சரிசெய்வதும் லேசில் நடக்கவில்லை. நிறுவிய பம்புகளை எண்ணினால் வெற்றி. குடத்தில் விழுந்த தண்ணீரை அளந்தால் வேறு கதை. கேஸ் அறக்கட்டளையின் ஜீன் கேஸ் 2010-ல் இது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். கொடுத்தவர்கள் அப்படி எழுதுவது அபூர்வம்.

கழித்தல் கணக்கு

சரி, விளைவையே அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியவில்லை.

ஒரு கம்பெனி 100 இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கிறது. ஓராண்டில் 60 பேர் வேலையில் இருக்கிறார்கள். 'எங்கள் பயிற்சியால் 60 பேருக்கு வேலை' என்று அறிக்கை வந்துவிடும். ஆனால் அதே பகுதியில், அதே வயதில், அதே படிப்போடு, பயிற்சிக்கு வராத 100 பேரைப் பார்த்தால் அவர்களில் 45 பேர் தாங்களாகவே தேடி வேலையில் சேர்ந்திருக்கிறார்கள் என்றால்? பயிற்சியின் கணக்கில் வரவு வைக்கக்கூடியது 15 பேர்தான். அந்த 15-லும் சிலர், பயிற்சி பெறாத வேறொருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தைத்தான் பிடித்திருப்பார்கள். அப்புறம் அடுத்த ஆண்டு எத்தனை பேர் அதே வேலையில் நீடிக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அதே இளைஞர்களுக்கு அரசுத் திட்டம் ஒன்றும் இன்னொரு தொண்டு நிறுவனமும் உதவியிருந்தால், புகழையும் பங்கு போட வேண்டியிருக்கும்.

15 என்ற எண்ணைக் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை. 15 குடும்பங்கள் என்பது சின்ன விஷயமா என்ன? ஆனால் 60 என்று நம்பிப் பணத்தைப் போடுவதற்கும் 15 என்று தெரிந்து போடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒருவேளை அதே பணத்தை வேறு விதமாகச் செலவழித்தால் 30 பேருக்குப் பயன்பட்டிருக்கலாம்.

இந்தக் கழித்தலுக்கு, உதவி பெறாத, ஆனால் மற்றபடி ஒத்த நிலையில் இருக்கும் ஒரு குழு வேண்டும். ஒப்பீட்டுக் குழு என்பார்கள். உதவி யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால் ஒப்பீடு இன்னும் உறுதியாக இருக்கும். இரண்டு குழுவுக்கும் ஆரம்பத்தில் வித்தியாசம் இருக்காது என்று நம்பலாம். இது சமவாய்ப்புச் சோதனை. உலக வறுமை ஒழிப்புத் திட்டங்களை இந்த முறையில் சோதித்துப் பார்த்ததற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

சிலருக்குக் கொடுக்காமல் விட்டு வேடிக்கை பார்ப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் யதார்த்தத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கும் அளவுக்குப் பணமும் ஆளும் எந்தத் திட்டத்திலும் இருப்பதில்லை. எப்படியும் யாராவது காத்திருக்கத்தான் போகிறார்கள். கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்த திட்டத்தில் 75 பள்ளிகளை 25, 25 ஆகப் பிரித்து, 1998-லிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கினார்கள். கடைசியில் எல்லாப் பள்ளிக்கும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஒப்பிடவும் முடிந்தது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் இருப்பது நாலில் ஒரு பங்கு குறைந்தது என்று கிரெமரும் எட்வர்ட் மிகேலும் கண்டார்கள். அந்தத் தரவுகளை மற்றவர்கள் மறுபடி அலசியபோது பெரிய விவாதமே நடந்தது. அது நல்லதுதான், கணக்கை மேசையில் விரித்து வைத்தால்தான் சண்டை போடவாவது முடியும்.

அதே கென்யாவில் இன்னொரு ஆய்வு பாடப்புத்தகம் பற்றியது. புத்தகமே இல்லாத பள்ளிகளுக்குப் புத்தகம் கொடுத்தால் மதிப்பெண் ஏறும் என்று யாருக்குத்தான் தோன்றாது? சராசரி மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் பயனடைந்தார்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் கையில் இருந்தும் படிக்க முடியவில்லை. கொடுத்த புத்தகங்களின் எண்ணிக்கையை மட்டும் பதிவு செய்திருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

'உதவியாக இருந்ததா?' என்று கேட்டால் போதாதா

போதாது. கேட்கத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. இதற்கு என் கண்ணில் மிகவும் சங்கடமான சான்று அமெரிக்காவில் 1939-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு. வழிதவறக்கூடிய சூழலில் வளர்ந்த 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, நாணயம் சுண்டி, பாதிப் பேருக்கு மட்டும் ஆலோசகர், படிப்பில் உதவி, மருத்துவம், கோடை முகாம் என்று ஐந்து ஆண்டுக்கு மேல் கவனித்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் 'எனக்கு உதவியாக இருந்தது' என்றார்கள். ஆனால் பதிவேடுகள் வேறு மாதிரிப் பேசின. குடிப்பழக்கம், மனநோய், தொடர் குற்றங்கள் போன்ற பலவற்றில், உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. 1978-ல் அவர் இதை வெளியிட்டார். கொடுத்தவர்கள் நல்லவர்கள், பெற்றவர்களுக்கு நன்றி இருந்தது, இருந்தும் பலன் எதிர்மறை.

கம்பெனி உலகத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். டாம்ஸ் என்ற காலணி நிறுவனம் 2006-ல் தொடங்கியது. ஒரு ஜோடி விற்றால் ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி இலவசம் என்பதுதான் அதன் அடையாளமே. எல் சால்வடாரில் அந்தக் காலணிகள் என்ன செய்கின்றன என்று புரூஸ் வைடிக் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவர் குழுவினரும் சமவாய்ப்பு முறையில் சோதிக்க நிறுவனம் சம்மதித்தது. குழந்தைகள் காலணியைப் போட்டுக்கொண்டார்கள், பிடித்தும் இருந்தது. ஆனால் உடல்நலத்திலும் தன்மதிப்பிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. கொஞ்சம் கூடுதல் நேரம் வெளியில் விளையாடினார்கள், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார்கள்: உன் குடும்பத்துக்கு வேண்டியதை வெளியாட்கள் தர வேண்டுமா? காலணி பெறாத குழந்தைகளில் 66 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். பெற்றவர்களில் 79 சதவீதம். யாரும் திட்டமிடாத விளைவு இது. கேட்கத் தோன்றியதால்தான் தெரிய வந்தது. 2019-ல் நிறுவனம் அந்த 'ஒன்றுக்கு ஒன்று' முறையையே கைவிட்டு, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பதாக மாற்றிக்கொண்டது.

யார் அளக்கிறார்கள்?

ஆரம்பநிலை விளக்கங்களில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது.

பணம் கொடுப்பது கம்பெனி. வேலை செய்வது தொண்டு நிறுவனம். அறிக்கை எழுதுவதும் அதே தொண்டு நிறுவனம்தான். அடுத்த ஆண்டு பணம் வருமா என்பது அந்த அறிக்கையைப் பொறுத்தது. இப்படி ஓர் ஏற்பாட்டில் 'திட்டம் எடுபடவில்லை' என்று எழுதுவதற்கு யாருக்கு மனம் வரும்? அறிக்கை கம்பெனிக்குப் போனதும் அதை முதலில் கையில் எடுப்பது பல இடங்களில் விளம்பரப் பிரிவு. அவர்களுக்கு வேண்டியது ஒரு நல்ல படமும் ஒரு பெரிய எண்ணும். களத்தில் இருக்கும் பணியாளருக்கும் இது தெரியும். கம்பெனி ஆட்கள் பார்வையிட வரும் நாளில் எந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏற்பாடு அப்படி.

அளவுகோலே இலக்காகிவிட்டால் இந்த நோய் இன்னும் முற்றும். இத்தனை பேரைச் சென்றடைய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், சுலபமாகச் சென்றடையக்கூடியவர்களைத்தான் தேடிப் போவார்கள். சாலை ஓரத்து மக்களுக்கு மூன்றாவது முறையாகக் கண் பரிசோதனை நடக்கும். மலைமேல் இருப்பவர்களை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சமூக அறிவியல் ஆய்வாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால், அந்த எண்ணை வளைப்பதற்கான அழுத்தமும் கூடவே வரும்.

இதற்கு முழு மருந்து கிடையாது. மூன்றாம் தரப்பை வைத்து அளப்பது ஓரளவு உதவும். மோசமான முடிவு வந்தாலும் அடுத்த ஆண்டு நிதி நிற்காது என்று முதலிலேயே எழுத்தில் கொடுப்பது அதைவிட உதவும் என்பது என் கருத்து. பயம் போனால்தான் உண்மை வெளியே வரும்.

சட்டமும் சட்டகங்களும்

சில இடங்களில் அளப்பது கட்டாயம். இந்தியாவில் 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2021 ஜனவரியில் வந்த விதித் திருத்தத்தின்படி, அந்தக் கடமை சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களைச் சார்பற்ற ஓர் அமைப்பைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். திட்டம் முடிந்து குறைந்தது ஓராண்டு கழிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். திறப்பு விழாவன்று எல்லாத் திட்டமும் வெற்றிதான்.

தன்னார்வமாகப் பின்பற்றும் சட்டகங்களும், அதாவது அளப்பதற்கான பொது வழிமுறைகளும், உள்ளன. 1994-ல் லண்டன் பெஞ்ச்மார்க்கிங் குரூப் என்ற பெயரில் சில கம்பெனிகள் கூடித் தொடங்கியது இப்போது பி4எஸ்ஐ என்று வழங்குகிறது. பணம், நேரம், பொருள், நிர்வாகச் செலவு எல்லாவற்றையும் ஒரே முறையில் கணக்கு வைக்க அது கற்றுத்தருகிறது. அதில் எனக்குப் பயன்படுவதாகத் தோன்றுவது, மாற்றத்தின் ஆழத்தை மூன்றாகப் பிரிப்பது: ஒருவர் திட்டத்தோடு தொடர்புக்கு வந்தார், அவர் நிலை கொஞ்சம் மேம்பட்டது, அவர் வாழ்க்கையே மாறியது. ஒரு லட்சம் பேர் முதல் வகையிலும் நாற்பது பேர் மூன்றாம் வகையிலும் இருந்தால், அதைப் பிரித்துச் சொல்வது ஒரே மொத்தமாகச் சொல்வதைவிட நேர்மையானது.

சமூக முதலீட்டு வருவாய் என்று இன்னொன்று இருக்கிறது. போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் சமூகத்துக்கு இத்தனை ரூபாய் மதிப்பு என்று ஒரே விகிதமாகச் சொல்லும் முறை. 1990-களில் சான் பிரான்சிஸ்கோவின் ஆர்.ஈ.டி.எஃப். அமைப்பு இதை வளர்த்தெடுத்தது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு பெண்ணுக்குக் கூடிய தன்னம்பிக்கைக்கு என்ன விலை போடுவது என்பதில் தொடங்கி, பாதிக்குப் பாதி ஊகம். ஊகத்தைக் கொஞ்சம் தள்ளினால் ஒன்றுக்கு மூன்று என்பது ஒன்றுக்கு ஏழு ஆகிவிடும். இரண்டு கம்பெனிகளின் விகிதங்களைப் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று பார்ப்பது வீண் வேலை. எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற பக்கத்தைக் காட்டாமல் விகிதத்தை மட்டும் காட்டினால் கண்டுகொள்ளாமல் நகர்ந்துவிடலாம்.

சின்ன அளவில் செய்ய நினைப்பவர்களுக்கு

எல்லோரும் சமவாய்ப்புச் சோதனை நடத்த வேண்டும் என்றில்லை. பத்து லட்சம் ரூபாய்த் திட்டத்தை அளக்க எட்டு லட்சம் செலவழிப்பது கேலிக்கூத்து. குடற்புழு மாத்திரை போல ஏற்கெனவே நன்கு ஆராயப்பட்ட ஒன்றைச் செய்கிறீர்கள் என்றால், மாத்திரை சரியான பிள்ளைகளின் வாய்க்குள் போகிறதா என்று மட்டும் கவனமாகப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. யாரும் செய்து பார்க்காத புது யோசனை என்றால்தான் தாக்கத்தை ஆழமாக அளப்பதில் பணம் போட வேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் எந்தச் சின்னத் திட்டமும் தவிர்க்க முடியாது: தொடங்குவதற்கு முன் நிலை என்ன என்று எழுதி வைப்பது. இதை அடிப்படை நிலைக் கணக்கெடுப்பு என்பார்கள். தண்ணீர்த் திட்டம் என்றால், இப்போது ஒரு வீட்டில் தண்ணீர் எடுத்துவர யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, கோடையில் எத்தனை நாள் கிடைப்பதில்லை. மூன்றே கேள்வி போதும். முப்பது வீடுகளில் கேட்டு எழுதி வைத்தாலே ஓராண்டு கழித்துப் பேச ஏதாவது இருக்கும். பணம் செலவான பிறகு 'முன்பு எப்படி இருந்தது?' என்று கேட்டால், கொடுத்தவர் முகத்தைப் பார்த்து 'ரொம்பக் கஷ்டமாக இருந்தது' என்றுதான் பதில் வரும்.

கேட்கப் போகிறவர் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. எதை அளப்பது என்பதையும் முடிந்தால் அந்த மக்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். கம்பெனிக்குக் கழிப்பறைகளின் எண்ணிக்கை முக்கியமாக இருக்கும். அங்கே இருக்கும் பெண்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா என்பது முக்கியமாக இருக்கும்.

பாதியில் விட்டுப் போனவர்களையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பயிற்சியை முடித்தவர்களிடம் மட்டும் கேட்டால் எல்லாப் பயிற்சியும் அருமையானதுதான். விட்டுப் போனவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: வகுப்பு நேரம் கூலி வேலை நேரத்தோடு மோதியது, திரும்பிப் போகப் பேருந்து இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அதிகச் செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை இவைதான். பளபளப்பான அந்த நாலு பக்கத்தில் இவை வரவே வராது.